படம் ஏன் போய்ச் சேரவில்லை?

படச்செய்திச் சேவை பற்றி ஒரு விமர்சனம்

நாடகம் பார்த்தால் விமர்சனம் எழுதுகிறோம். நூல் படித்தால் மதிப்புரை எழுதுகிறோம். ஆனால் நாள்தோறும் கையில் வைத்துப் புழங்கும் ஒரு தொழில்நுட்பச் சேவைக்கு மட்டும் யாரும் விமர்சனம் எழுதுவதில்லை. வேலை செய்தால் மகிழ்கிறோம். செய்யாவிட்டால் "நமக்குத்தான் தெரியவில்லை போலும்" என்று நம்மையே நொந்துகொண்டு போய்விடுகிறோம். அந்தச் சேவையும் மனிதர்கள் கூடி உட்கார்ந்து, விவாதித்து, ஏடுகளில் எழுதி உருவாக்கிய படைப்புதானே? அதில் குணம் இருக்கலாம், குற்றமும் இருக்கலாம். இம்மாதம் நான் எடுத்துக்கொண்ட படைப்பு, செல்பேசியிலிருந்து செல்பேசிக்குப் படம் அனுப்பும் எம்.எம்.எஸ். என்னும் படச்செய்திச் சேவை. குறிப்பாக, முன்கூட்டியே பணம் கட்டிப் பேசும் ப்ரீபெய்டு வாடிக்கையாளரின் கையில் அது என்ன பாடு படுத்தியது என்பதே நம் விசாரணை.

ஒரு மருந்துச் சீட்டின் கதை

2014ஆம் ஆண்டு, ஐப்பசி மாதம். ஊரப்பாக்கத்தில் எங்கள் எதிர் வீட்டு அம்மாள் ஒரு மருந்துச் சீட்டோடு வந்தார்கள். மகன் வாங்கிக் கொடுத்த புத்தம் புதிய ஸ்மார்ட்போன் மற்றொரு கையில். சீட்டில் கண்ட மாத்திரைகளில் ஒன்று அன்று ஜி.எஸ்.டி. சாலையோரக் கடைகளில் கிடைக்கவில்லையாம். அவருடைய அக்காள் மகனுக்குச் செங்கல்பட்டில் வேலை. மாலை மின்சார ரயிலில் திரும்புவான். "தம்பி, இந்தச் சீட்டைப் படம் பிடிச்சு அவனுக்கு அனுப்பி வைங்க. வரும்போது வாங்கிட்டு வந்துடுவான்" என்றார்கள். அறிவியல் கட்டுரை எழுதுகிறவனுக்குச் செல்பேசி தெரியாமலா இருக்கும் என்ற நம்பிக்கை!

அக்காள் மகனிடம் இருந்தது பொத்தான் வைத்த நோக்கியா. அந்நிறுவனத்தின் ஸ்ரீபெரும்புதூர்த் தொழிற்சாலை 2006 முதல் அன்றைய நம் காஞ்சிபுரம் மாவட்டத்திலேயே இயங்கி வந்தது. அதே ஐப்பசியில், நவம்பர் 1ஆம் தேதி, மூடப்பட்டது. அவனுடைய போனில் வண்ணத்திரை உண்டு, படம் காட்டும், வாட்ஸ்அப் கிடையாது. ஆகவே எம்.எம்.எஸ். ஒன்றே வழி.

முக்கால் மணி நேரம் போராடினேன். முதல் நான்கு முறை "அனுப்ப இயலவில்லை" என்றது திரை. ஏன் என்று சொல்லவில்லை. ஐந்தாம் முறை "அனுப்பப்பட்டது" என்றது. இருப்பிலிருந்து காசும் கழிந்தது. செங்கல்பட்டில் படம் வந்து சேரவில்லை. கடைசியில் என்ன செய்தோம் தெரியுமா? சீட்டை வாயால் படித்துச் சொன்னோம். அவன் காகிதத்தில் எழுதிக்கொண்டான். ஒரு நிமிடம் கூட ஆகவில்லை.

அந்த முக்கால் மணி நேரத்தில் என்ன நடந்தது என்பதைப் பிறகு மெல்ல மெல்லத் தெரிந்துகொண்டேன். அதை உங்களுக்கும் சொல்கிறேன். எந்த நிறுவனத்தின் அட்டை என்பது இங்கு முக்கியமல்ல. எந்த அட்டையாக இருந்தாலும் கதை ஏறக்குறைய இதுவே.

எழுத்துக்கு ஒரு வழி, படத்துக்கு ஒரு வழி

முதலில் எழுத்துச் செய்தி எனப்படும் எஸ்.எம்.எஸ். எப்படிப் போகிறது என்று பார்ப்போம். 1992ஆம் ஆண்டு டிசம்பர் 3ஆம் தேதி இங்கிலாந்தில் நீல் பாப்வொர்த் என்ற பொறியாளர் கிறிஸ்துமஸ் வாழ்த்தாக அனுப்பியதே முதல் எஸ்.எம்.எஸ். செல்பேசிக்கும் கோபுரத்துக்கும் இடையே, "இதோ உனக்கு ஓர் அழைப்பு", "இதோ நான் இங்கே இருக்கிறேன்" என்ற சிறு சைகைகள் ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கும். அந்தச் சைகை வழியில் மிச்சமிருக்கும் சந்தில் நுழைந்து செல்வதே எஸ்.எம்.எஸ். அதனால்தான் அதன் உருவம் இவ்வளவு சிறியது: ஒரு செய்திக்கு 140 பைட். ஆங்கிலமானால் ஓர் எழுத்துக்கு 7 பிட் வீதம் 160 எழுத்துகள் அடங்கும். தமிழானால் ஒவ்வொரு குறியீட்டுக்கும் 16 பிட். ஆகவே 70 குறியீடுகள் மட்டுமே. 'வணக்கம்' என்பது நம் கணக்கில் 5 எழுத்து. யந்திரத்தின் கணக்கிலோ 7. ஏனெனில் க், ம் இரண்டிலும் புள்ளி தனிக் குறியீடு. புள்ளிக்கும் சேர்த்துக் காசு கொடுத்த மொழி நம்முடையது!

இந்தச் சந்தில் படம் போகுமா? அந்த அம்மாளின் போன் எடுத்த படம் சுமார் 20 லட்சம் பைட். 140-ஆல் வகுத்துப் பாருங்கள்: 14,000 எஸ்.எம்.எஸ்.களுக்கு மேல் ஆகிறது. ஆகவே படத்துக்குத் தனி வழி தேவைப்பட்டது. 1997 ஜூன் 11 அன்று அமெரிக்காவில் பிலிப் கான் என்பவர், பிறந்த மகளின் படத்தைச் செல்பேசியோடு இணைத்த காமிரா மூலம் நண்பர்களுக்கு அனுப்பிக் காட்டினார். 2000-இல் ஜப்பானில் காமிராவோடு கூடிய செல்பேசி விற்பனைக்கு வந்து, படம் அனுப்புவது அங்கே ஒரு மோகமாகவே ஆயிற்று. ஆனால் எந்த நிறுவனத்தின் போனிலிருந்தும் எந்த நிறுவனத்தின் போனுக்கும் அனுப்ப ஒரு பொது விதி வேண்டுமல்லவா? அந்தப் பொது விதியே எம்.எம்.எஸ். 2002 மார்ச்சில் நார்வேயின் டெலினார் நிறுவனம் அதை முதன்முதலில் வணிகச் சேவையாகத் தொடங்கியது. விரைவிலேயே இந்தியாவுக்கும் அது வந்து சேர்ந்தது.

அதன் நடைமுறை, தபால் நிலையத்தில் காத்திருக்கும் பொட்டலத்தைப் போன்றது என்று வைத்துக்கொள்ளுங்கள். தபால்காரர் பொட்டலத்தை வீட்டுக்கே கொண்டுவந்து தருவதில்லை. "உமக்கு ஒரு பொட்டலம் வந்திருக்கிறது, வந்து பெற்றுக்கொள்ளவும்" என்று ஒரு சீட்டை மட்டும் போட்டுவிட்டுப் போகிறார். எம்.எம்.எஸ்.ஸிலும் அப்படியே. அனுப்புபவரின் போன் படத்தைச் சுருக்கிப் பொட்டலம் கட்டுகிறது. இணைய வழியில், ஆனால் பொது இணையத்தில் அல்ல, நிறுவனத்தின் சொந்த வலைக்குள் ஒரு தனி வாசலைத் திறந்து, படச்செய்தி நிலையத்தில் கொண்டுபோய் ஒப்படைக்கிறது. நிலையம் அதைப் பத்திரப்படுத்திவிட்டு, பெறுபவரின் போனுக்குப் பழைய எஸ்.எம்.எஸ். சந்து வழியே ஓர் அறிவிப்பு அனுப்புகிறது. இந்த அறிவிப்பு நம் கண்ணில் படாது. போன் தானே படித்துக்கொள்ளும். பிறகு பெறுபவரின் போன் தன் பங்குக்கு ஒரு வாசலைத் திறந்து, நிலையத்துக்குப் போய்ப் படத்தை எடுத்து வருகிறது.

இரண்டு போன்களும் வாசலைத் திறக்க வேண்டும் என்பதைக் கவனியுங்கள். நான் எதிர் வீட்டு அம்மாளின் போனோடு மல்லுக்கட்டிய முக்கால் மணி நேரமும், கதையின் பாதியோடுதான் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன்.

இருபது கட்டங்கள்

வாசல் என்று சொன்னேன் அல்லவா? அந்த வாசலின் விலாசத்தைப் போனுக்குச் சொல்லித் தருவதே 'செட்டிங்ஸ்' எனப்படும் அமைப்பு. ஆண்ட்ராய்டு போனில் இதற்கான பக்கத்தைத் திறந்தால் சுமார் 20 கட்டங்கள் வரிசையாக நிற்கும். ஏ.பி.என்., ப்ராக்ஸி, போர்ட், யூசர்நேம், பாஸ்வேர்ட், சர்வர், எம்.எம்.எஸ்.சி., எம்.எம்.எஸ். ப்ராக்ஸி, எம்.எம்.எஸ். போர்ட்... மேலும் பல. பழைய நாளின் வங்கிப் படிவம் கூட இவ்வளவு பயமுறுத்தியதில்லை.

பொருளை அறிந்துகொண்டால் பயம் தீரும். ஏ.பி.என். என்பது நிறுவனத்தின் மதிலில் உள்ள வாசலின் பெயர். ஒரே மதிலில் இணையத்துக்கு ஒரு வாசல், படச்செய்திக்கு வேறொரு வாசல் இருக்கலாம். எம்.எம்.எஸ்.சி. என்பது உள்ளே இருக்கும் படச்செய்தி நிலையத்தின் விலாசம். ப்ராக்ஸி என்பவர் வாயிற்காவலர். பொட்டலத்தை அவரிடம் கொடுத்தால் அவர் உள்ளே சேர்ப்பார். போர்ட் என்பது அவர் உட்கார்ந்திருக்கும் கவுன்ட்டரின் எண். இவற்றில் ஓர் எழுத்து, ஒரு புள்ளி பிசகினாலும் படம் போகாது.

நான் செய்த முதல் பிழை இதுதான்: காவலரின் விலாசத்தை 'எம்.எம்.எஸ். ப்ராக்ஸி' என்ற கட்டத்தில் எழுதாமல், மேலே இருந்த 'ப்ராக்ஸி' என்ற கட்டத்தில் எழுதிவிட்டேன். ஒரே பெயரில் இரண்டு கட்டம் வைத்தால் மனிதன் முதலில் கண்ட கட்டத்தில்தான் எழுதுவான். இரண்டாம் பிழை, 'ஏ.பி.என். டைப்' என்ற கட்டத்தைக் காலியாக விட்டது. அதில் 'எம்.எம்.எஸ்.' என்ற சொல்லை எழுதினால்தான் "இந்த வாசல் படச்செய்திக்கு உரியது" என்று போனுக்கு உறுதியாகத் தெரியும். மூன்றாவது பிழைக்கு நானே சிரித்துக்கொண்டேன். வீட்டில் வை-ஃபை நன்றாக இருக்கிறதே என்று செல்பேசியின் சொந்த இணையத்தை அணைத்து வைத்திருந்தேன். படச்செய்தி நிலையமோ நிறுவனத்தின் மதிலுக்குள் இருப்பது. பல நிலையங்களின் விலாச எண் வெளியுலகில் செல்லுபடியே ஆகாது. வை-ஃபை வழியே அதைத் தேடுவது, அடுத்த ஊர்த் தெருவில் நின்றுகொண்டு நம் வீட்டுக் கதவைத் தட்டுவது போல!

இந்த 20 கட்டங்களைப் பொதுமக்கள் நிரப்ப வேண்டும் என்று வகுத்தவர்கள் எண்ணவில்லை என்பதையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். சிம் அட்டையில் உள்ள எண்ணின் முதல் 3 இலக்கம் நாட்டையும், அடுத்தவை நிறுவனத்தையும் குறிக்கும். இந்தியாவுக்கு 404, 405. அந்த எண்ணைப் பார்த்துப் போனே தன்னுள் இருக்கும் பட்டியலிலிருந்து சரியான அமைப்பை எடுத்துக்கொள்ள வேண்டும். அல்லது நிறுவனம் அமைப்புகளை ஒரு செய்தியாக அனுப்பி, நாம் அதைச் 'சேமி' என்று ஒப்புக்கொள்ள வேண்டும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் பட்டியல் பழையதாக இருந்தால்? நம் நாட்டில் நிறுவனங்கள் ஒன்றையொன்று வாங்கிக்கொண்டே இருந்தன. சென்னையில் ஸ்கைசெல் என்ற பெயரில் சிம் வாங்கியவர்கள் 2000க்குப் பின் ஏர்டெல் வாடிக்கையாளர் ஆனார்கள். தமிழ்நாட்டில் பிறந்து வளர்ந்த ஏர்செல், 2018 பிப்ரவரியில் திவால் மனுச் செய்து மறைந்தே போயிற்று. வாசலின் பெயர் மாறும், காவலர் மாறுவார்; போனுக்குள் இருக்கும் பட்டியல் மட்டும் மாறாது.

இவ்வளவும் ஆங்கிலத்தில். தமிழ் வழியில் படித்த ஒருவர் போனின் மொழியைத் தமிழுக்கு மாற்றிக்கொண்டாலும், இந்தப் பக்கத்தில் பயன் குறைவு. 'ப்ராக்ஸி' என்பதைத் தமிழ் எழுத்தில் அச்சிட்டுவிட்டால் அது விளங்கிவிடுமா? "படச்செய்தி நிலையத்தின் விலாசம்" என்று எழுதியிருந்தால் எட்டாம் வகுப்பு மாணவன் நிரப்பிவிடுவான்.

தெரிந்தும் சொல்லாத போன்

இனி என் விமர்சனத்தின் மையப் பகுதிக்கு வருகிறேன். "அனுப்ப இயலவில்லை" என்று நான்கு முறை சொன்னதே அந்த போன், அதற்குக் காரணம் தெரியாமலா அப்படிச் சொன்னது?

வாசலின் பெயரோ காவலரின் விலாசமோ பிழையாக இருந்தால், போனால் நிலையத்தை எட்டவே முடியாது. அப்போது காரணம் முழுவதும் அதற்குத் தெரியாது என்று விட்டுவிடலாம். ஆனாலும் "நிலையத்தை எட்ட முடியவில்லை, அமைப்பைச் சரிபார்க்கவும்" என்றாவது சொல்லியிருக்கலாம். நிலையத்தை எட்டிய பிறகு நடப்பதே வேடிக்கை. எம்.எம்.எஸ். விதிநூலின்படி, பொட்டலத்தைப் பெற்றதும் நிலையம் ஒரு பதில் அனுப்ப வேண்டும். ஏற்கவில்லை எனில் காரணத்தைக் குறிக்கும் ஓர் எண்ணும் அதில் இருக்கும். உமக்கு இந்தச் சேவை அனுமதிக்கப்படவில்லை என்பதற்கு ஓர் எண். செய்தியின் அமைப்பு பழுது என்பதற்கு ஓர் எண். விலாசம் புரியவில்லை என்பதற்கு ஓர் எண். வலையில் கோளாறு என்பதற்கு ஓர் எண். இவ்வளவு ஏன், விதிநூலின் பிற்காலப் பதிப்பில், முன்கட்டணக் கணக்கில் பணம் போதவில்லை என்பதற்கென்றே தனியாக ஓர் எண் ஒதுக்கியிருக்கிறார்கள்!

விதியை வகுத்த அறிஞர்கள் எதிர் வீட்டு அம்மாளை நினைத்துப் பார்த்திருக்கிறார்கள். ப்ரீபெய்டு அட்டை வைத்திருக்கும் ஒருவர் படம் அனுப்பும்போது காசு குறைவாக இருக்கலாம், அவருக்கு அதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்று யோசித்து, ஓர் எண்ணையும் கொடுத்திருக்கிறார்கள். அந்த எண் போன் வரை வந்து சேர வழி உண்டு. போனின் திரையை வடிவமைத்தவர்தான், இத்தனை காரணங்களையும் ஒரே குப்பைக் கூடையில் போட்டு, "அனுப்ப இயலவில்லை" என்று மேலே ஒரு மூடியைப் போட்டுவிட்டார். மருத்துவர் நோயைக் கண்டுபிடித்து எழுதிக் கொடுத்த சீட்டை, நோயாளிக்குக் காட்டாமல் மடித்து வைத்துக்கொள்ளும் உதவியாளரை என்னவென்பது?

இது சிறிய குறையல்ல. இந்தியச் செல்பேசி இணைப்புகளில் 10-இல் 9-க்கும் மேல் ப்ரீபெய்டு. மாதக் கடைசியில் பில் கட்டுகிறவருக்கு யந்திரம் முதலில் சேவையைத் தருகிறது, பிறகு கணக்கு எழுதுகிறது. ப்ரீபெய்டு வாடிக்கையாளரிடமோ ஒவ்வொரு செயலுக்கும் முன்னால், "இவர் கணக்கில் காசு இருக்கிறதா? இருந்தால் இவ்வளவை ஒதுக்கி வை" என்று கணக்கு யந்திரத்தைக் கேட்டுவிட்டே கதவைத் திறக்கும். அதிலும் காசு எத்தனை பைகளில் இருக்கிறது பாருங்கள்! பேச்சுக்கு ஒரு பை, இணையத்துக்கு ஒரு பை, எஸ்.எம்.எஸ்.ஸுக்கு ஒரு பை. 'நாளொன்றுக்கு 100 எஸ்.எம்.எஸ். இலவசம்' என்ற இன்றைய திட்டங்களைப் பார்த்து, படமும் அதில் அடங்கும் என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அடங்காது. படச்செய்திக்கான காசு மூல இருப்பிலிருந்து கழியும். திட்டத்துக்கு மட்டும் ரீசார்ஜ் செய்கிறவரின் மூல இருப்போ பூஜ்யம். இணையம் ஓடுகிறது, பேச்சு வருகிறது, படம் மட்டும் போகவில்லை என்றால் பாமரர் எதைச் சந்தேகிப்பார்? போனைத்தான். இரண்டு முறை கடைக்குப் போய் 'சாஃப்ட்வேர்' போட்டுக்கொண்டு வந்தவர்களை நான் அறிவேன்.

ஐந்தாம் முறை போன படம்

ஐந்தாம் முறை படம் நிலையத்தை அடைந்தது. பிறகு? அக்காள் மகனின் நோக்கியாவில் படச்செய்தி அமைப்பே சேமிக்கப்படவில்லை. அவனுடைய போன் படச்செய்திக்குத் தயாராக இல்லை என்று கண்ட நிலையம், அதற்குப் பதிலாக ஓர் எழுத்துச் செய்தியை அனுப்பியிருக்கிறது. "உமக்கு ஒரு படம் வந்துள்ளது, இன்ன வலைத்தளத்தில், இன்ன கடவுச்சொல்லைக் கொடுத்துப் பார்க்கவும்" என்பது அதன் சாரம், வாசகம் ஆங்கிலம். அவன் அதை விளம்பரம் என்று எண்ணி அழித்துவிட்டான்! இதை அவன் மறுநாள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அம்மாளின் போனில் மட்டும் 'அனுப்பப்பட்டது' என்று அப்படியே நின்றுகொண்டிருந்தது. அது பொய்யல்ல. அதன் பொருள், 'தபால் நிலையத்தில் சேர்த்துவிட்டேன்' என்பதே. 'உரியவர் கையில் சேர்ந்தது' என்று நாம் படித்துக்கொள்கிறோம். போய்ச் சேர்ந்த விவரம் வேண்டுமானால், அதற்கென்று இருக்கும் 'டெலிவரி ரிப்போர்ட்' என்னும் வசதியை நாமே தேடிப்பிடித்து இயக்க வேண்டும்.

படம் சேர்ந்திருந்தால் மட்டும் நல்லதாக இருந்திருக்குமா? இங்குதான் எனக்கு உண்மையிலேயே திகில் ஏற்பட்டது. எம்.எம்.எஸ். பொட்டலத்துக்கு எடை வரம்பு உண்டு. விதிநூல் படங்களுக்கும் காட்சிகளுக்கும் 30, 100, 300 கிலோபைட் என்று படிகள் வகுத்தது. மிகச் சாதாரணப் படியில் படத்தின் அளவு 160-க்கு 120 புள்ளிகள். அதற்கு மேற்பட்ட படியில் 640-க்கு 480. ஆகவே அனுப்பும் முன் போன் படத்தைச் சுருக்கிவிடுகிறது. சொல்லிவிட்டுச் சுருக்குவதில்லை.

கணக்குப் போடுவோம். மருந்துச் சீட்டின் நீளம் 210 மில்லிமீட்டர். அந்த போனின் 5 மெகாபிக்சல் காமிரா, நீளவாட்டில் 2,592 புள்ளிகளாக அதைப் பதிந்தது; அதாவது மில்லிமீட்டருக்கு 12 புள்ளிகள். பேனாவால் வைத்த தசமப் புள்ளி அரை மில்லிமீட்டர் என்றால், அது 6 புள்ளி அகலத்தில் தெளிவாகத் தெரியும். 640 ஆகச் சுருக்கினால் மில்லிமீட்டருக்கு 3 புள்ளிதான். தசமப் புள்ளிக்குக் கிடைப்பது ஒன்றரை. போதாததற்கு, எடையைக் குறைக்கும் ஜேபெக் முறை படத்தை 8-க்கு 8 புள்ளிகள் கொண்ட கட்டங்களாக வெட்டுகிறது. ஒவ்வொரு கட்டத்திலும் மெல்ல மாறும் ஒளியைக் காப்பாற்றி, சட்டென்று மாறும் நுண்மைகளை முதலில் தியாகம் செய்கிறது. முகம், மலை, வானம் இவற்றுக்கு இது அருமையான தந்திரம், கண் ஏமாந்துவிடும். எழுத்துக்கோ இது எதிரி. அந்தச் சீட்டில் ஒரு மாத்திரையின் அளவு 2.5 மில்லிகிராம் என்று இருந்தது. தசமப் புள்ளி போனால் அது என்ன ஆகும்?

பின்னொரு நாள், படச்செய்தி ஒழுங்காக ஓடிய இரண்டு போன்களை வைத்துக்கொண்டு அதே சீட்டை அனுப்பிப் பார்த்தேன். வந்து சேர்ந்த படத்தில் 2-க்கும் 5-க்கும் நடுவே சாம்பல் நிறத்தில் ஒரு மங்கல். தெரிந்தவனுக்கு அது புள்ளி. தெரியாதவனுக்குக் காகிதத்தின் கறை. தமிழ்க் கையெழுத்திலும் இதே கதிதான். மெய்யெழுத்தின் புள்ளி மறைந்தால் 'கல்' என்பது 'கல' ஆகிவிடும்.

ஏன் மங்கிற்று?

படச்செய்தி நம் நாட்டில் வேரூன்றவில்லை. செட்டிங்ஸ் மட்டுமா காரணம்? ஒரு படத்துக்கு, எழுத்துச் செய்தியைப் போலப் பல மடங்கு கட்டணம் வைத்தார்கள். 2004-இல் தில்லி மாணவர்கள் தொடர்பான ஒரு வழக்குக்குப் பின், 'எம்.எம்.எஸ்.' என்ற சொல்லே நாளேடுகளில் ஆபாசக் காட்சிக்கு மறுபெயர் ஆயிற்று. ஒரு தொழில்நுட்பத்துக்கு இப்படியோர் அவப்பெயர் வேறெங்கும் கிடைத்திருக்குமா என்பது ஐயமே. 2012 ஆகஸ்ட் 17 அன்று, வடகிழக்கு மாநிலத்தவரைப் பற்றிப் பரவிய வதந்திகளைத் தடுக்க, மொத்தமாக அனுப்பப்படும் எஸ்.எம்.எஸ்.ஸுக்கும் எம்.எம்.எஸ்.ஸுக்கும் மத்திய அரசு 15 நாள் தடை விதித்தது. அன்றாட மனிதரின் எஸ்.எம்.எஸ். நாளொன்றுக்கு 5 என்ற அளவில் முடங்கிற்று. இதற்கிடையே 2009-இல் தோன்றிய வாட்ஸ்அப் அமைதியாக வளர்ந்தது. அதற்கு வாசல் பெயர் வேண்டாம், காவலர் விலாசம் வேண்டாம், படத்துக்குத் தனிக் கட்டணம் வேண்டாம். 2016 செப்டம்பர் 5-இல் ஜியோ வந்து இணையத்தின் விலை சரிந்ததும், போட்டி முடிந்தே போயிற்று.

வென்றவரைப் புகழ்ந்து முடித்துவிட எனக்கு மனமில்லை. எம்.எம்.எஸ்.ஸில் ஒரு பெரிய குணம் இருந்தது. அது எந்தத் தனி நிறுவனத்தின் சொத்தும் அல்ல. ஒருவரின் செல்பேசி எண் தெரிந்தால் போதும். அவர் எந்த நிறுவனத்தின் வாடிக்கையாளர், எந்தச் செயலியில் கணக்கு வைத்திருக்கிறார் என்று கேட்க வேண்டியதில்லை. தபாலைப் போல அது பொது. 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக் நிறுவனத்தின் வலையமைப்பு சுமார் 6 மணி நேரம் நின்றுபோனபோது, வாட்ஸ்அப்பும் உலகெங்கும் சேர்ந்து படுத்துவிட்டது. ஒரே கடையில் எல்லாரும் அரிசி வாங்கினால், கடை பூட்டிய அன்று ஊரே பட்டினி. 2015 டிசம்பர் 1 அன்று தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியதையும் நாம் மறக்கவில்லை. அடையாற்றின் தொடக்க ஏரிகள் நிறைந்து, முடிச்சூரும் வரதராஜபுரமும் நீரில் மிதந்தன. இணையம் தடுமாறும் அத்தகைய நேரங்களில், சைகைச் சந்தில் நுழைந்து செல்லும் 140 பைட் எழுத்துக்குப் பிழைத்து வெளியேற வாய்ப்பு அதிகம். படம் எந்தச் செயலியில் போனாலும் அகலமான பாதை கேட்கும்.

சுருக்கும் பழக்கமோ வாட்ஸ்அப்பையும் விடவில்லை. அதிலும் படம் இளைத்துத்தான் போகிறது. கூடுதல் தெளிவோடு அனுப்பும் வசதி 2023-இல்தான் சேர்ந்தது, அதையும் நாமே கவனித்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். படமாக அனுப்பாமல் 'டாக்குமென்ட்' ஆக அனுப்பினால் மூலப்படம் குறையாமல் போகும். வீட்டுப்பாடமோ சான்றிதழோ அனுப்பும் மாணவர்கள் இதை நினைவில் கொள்ளலாம்.

எம்.எம்.எஸ்.ஸின் வாரிசு என்று ஆர்.சி.எஸ். என்றொரு பொது விதி 2007 முதல் உருவாகி வந்தது. ஆண்ட்ராய்டு போன்களில் பரவிய அது, 2024-இல் ஆப்பிள் போன்களிலும் இடம்பெற்றது. எண் தெரிந்தால் போதும் என்ற பழைய குணம் அதில் உண்டு. 20 கட்டங்கள் இல்லை. படம் போய்ச் சேர்ந்ததா, படிக்கப்பட்டதா என்பதும் தெரியும். ஆனால் எதிர்ப்புறத்து போன் ஆர்.சி.எஸ்.ஸுக்குத் தயாராக இல்லையென்றால், படத்தை அது யாரிடம் ஒப்படைக்கிறது தெரியுமா? பழைய எம்.எம்.எஸ்.ஸிடம்தான். ஆகவே அந்த 20 கட்டங்கள் இன்னும் உங்கள் போனில் இருக்கின்றன. ஓய்வு நேரத்தில் திறந்து பாருங்கள். மாற்ற வேண்டாம், பாருங்கள். எந்தக் கட்டம் வாசல், எது காவலர், எது நிலையம் என்று இப்போது உங்களுக்கே தெரியும்.

எதிர் வீட்டு அம்மாள் இப்போதும் மருந்துச் சீட்டைப் படம் பிடித்து, வாட்ஸ்அப்பில், அக்காள் மகனுக்கு அனுப்புகிறார்கள். அனுப்பிவிட்டு உடனே போன் போட்டு, "ரெண்டு, புள்ளி, அஞ்சு" என்று ஒருமுறை உரக்கப் படித்தும் காட்டுகிறார்கள்.